எரர் நாணயமா, சேதமான நாணயமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நாணயம் சேர்ப்பவர்களிடமிருந்து திரும்பத் திரும்ப வரும் சந்தேகங்களை எளியதிலிருந்து சிக்கலானது என்ற வரிசையில் இங்கே தொகுத்திருக்கிறோம். எல்லாப் பதில்களுக்கும் அடியில் ஒரே கேள்விதான் இருக்கிறது: இந்த மாற்றம் நாணயம் தயாராகும் எந்தப் படியில் நடந்திருக்க முடியும்? அந்தப் படியைச் சுட்டிக்காட்ட முடியவில்லை என்றால் அது பெரும்பாலும் சேதமே.

1. பார்க்க வித்தியாசமா இருந்தாலே அது எரர் நாணயம்தானே?

கிடையாது. நாணயச்சாலைக்குள், நாணயம் உருவாகி முடிவதற்குள் நடந்த தவறுக்குத்தான் எரர் என்று பெயர். அங்கிருந்து வெளியே வந்த பிறகு என்ன நடந்தாலும் அது சேதம். வண்டி ஏறியது, தீயில் விழுந்தது, சுத்தியலால் அடித்தது, அமிலத்தில் போட்டது எல்லாம் இந்தக் கணக்கில் வரும். எவ்வளவு விசித்திரமாக இருந்தாலும் சேதம் சேதம்தான்.

எரரிலும் இரண்டு விதம் உண்டு. ஒரு நாணயத்துக்கு மட்டும் நேர்ந்தது ஒன்று. சுற்றி நிற்க வேண்டிய காலர் என்ற வளையம் இல்லாமல் அச்சடிபட்டது, இடம் தள்ளி அச்சடிபட்டது போன்றவை. டை எனப்படும் அச்சிலேயே குறை இருந்து, அந்த டை அடித்த எல்லா நாணயங்களிலும் ஒரே மாதிரி வருவது இன்னொன்று. இரண்டாவதைச் சேகரிப்பாளர்கள் வெரைட்டி என்பார்கள். வெரைட்டிக்கு ஒரு பெரிய வசதி உண்டு: அதே குறை உள்ள இன்னொரு நாணயத்தைப் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுவிடலாம்.

2. நாணயம் எப்படித் தயாராகுதுன்னு தெரிஞ்சுக்காம இதெல்லாம் கண்டுபிடிக்க முடியாதா?

முடியாது. நல்லவேளையாக, தெரிந்துகொள்ள வேண்டியது கொஞ்சம்தான். உலோகத் தகட்டிலிருந்து வட்ட வில்லைகளை வெட்டி எடுப்பார்கள். அவற்றைச் சூடாக்கி மென்மையாக்கி, கழுவி, உருட்டும் இயந்திரத்தில் செலுத்துவார்கள். அங்கேதான் வில்லையின் விளிம்பு சற்றே மேலெழும்பும். பிறகு வில்லை அச்சு இயந்திரத்துக்குப் போகும். கீழே ஒரு டை, மேலே ஒரு டை, சுற்றிலும் காலர் என்ற இரும்பு வளையம். பல டன் அழுத்தத்தில் இரண்டு டைகளும் ஒரே நொடியில் வில்லையை நசுக்கும். உலோகம் டையின் பள்ளங்களுக்குள் ஏறி எழுத்தும் உருவமும் ஆகும். வெளிப்பக்கம் பிதுங்கி காலரில் முட்டி நிற்கும். நாணயத்தின் விட்டம் முடிவாவதும், ஓரத்தில், அதாவது நாணயத்தின் பக்கச்சுவரில், செங்குத்துக் கோடுகள் விழுவதும் பெரும்பாலும் இந்தக் காலரில்தான்.

இதிலிருந்து இரண்டு விதிகள் கிடைக்கின்றன. டையில் பள்ளமாக இருப்பது நாணயத்தில் மேடாக வரும் என்பது முதல் விதி. இரு முகங்களும் ஒரே அடியில் உருவாவதால், அடிக்கும்போது நடந்த தவறின் சுவடு பெரும்பாலும் இரு முகத்திலும் தெரியும் என்பது இரண்டாவது. கீழே வரும் பதில்களில் பாதி இந்த இரண்டு விதிகளின் கிளைகள்.

3. வீட்டுல என்னென்ன கருவி இருக்கணும்?

10 மடங்கு பெருக்கும் பூதக்கண்ணாடி ஒன்று, 0.01 கிராம் வரை காட்டும் டிஜிட்டல் தராசு, வெர்னியர் காலிப்பர், சின்னக் காந்தம், வளைத்துத் திருப்பக்கூடிய மேசை விளக்கு. இவ்வளவு போதும். காலிப்பரின் தாடை பிளாஸ்டிக்காக இருந்தால் நாணயத்தில் கீறல் விழாது. 10 மடங்குக்கு மேல் போனால் ஒவ்வொரு தூசியும் எரர் மாதிரித் தோன்ற ஆரம்பிக்கும். அதனால் தொடக்கத்தில் அதிகப் பெருக்கம் வேண்டாம்.

கருவிகளைவிட முக்கியமானது, அதே வகை நாணயத்தில் சாதாரணமான ஒன்று. சந்தேக நாணயத்தை அதன் பக்கத்தில் வைத்துப் பார்த்தாலே பாதிச் சந்தேகம் தீர்ந்துவிடும். விளக்கை நேர் மேலே வைக்காமல் பக்கவாட்டில் தாழ்வாக வையுங்கள். நாணயத்தை ஓரத்தில் பிடித்து மெதுவாகச் சுற்றினால் மேடும் பள்ளமும் நிழலில் பிரிந்து தெரியும்.

எடையைப் பார்க்கும்போது, நாணயச்சாலைகளே கொஞ்சம் ஏற்ற இறக்கத்தை அனுமதிக்கின்றன என்பதை மறக்க வேண்டாம். அமெரிக்க 25 சென்ட்டின் எடை 5.67 கிராம், அதில் 0.227 கிராம் கூடுதல் குறைவு ஏற்கத்தக்கது. 5.55 காட்டினால் அது செய்தியே அல்ல.

4. நாணயத்துல ஒரு கோடு ஓடுது. கீறலா, டை விரிசலா?

மேடா பள்ளமா என்று பாருங்கள். டையில் விரிசல் விட்டால் அந்த விரிசலுக்குள் உலோகம் புகுந்து நாணயத்தில் மேடான, ஒழுங்கற்ற, நரம்பு போன்ற கோடாக வரும். அது பெரும்பாலும் விளிம்பில் தொடங்கும். எழுத்துகளையும் உருவத்தையும் கடந்து போகும். கீறல் பள்ளமாக இருக்கும். அதன் ஒரு கரையிலாவது, உள்ளேயிருந்து தள்ளப்பட்ட உலோகம் சின்ன வரப்பாக எழும்பி நிற்கும்.

இந்த விதிக்கு விலக்கும் உண்டு. நூல், கம்பி, உலோகத் துகள் போன்ற ஏதாவது டைக்கும் வில்லைக்கும் நடுவில் சிக்கி அதன் மேல் அடி விழுந்தால், பள்ளமாக இருந்தாலும் அது உண்மையான எரர். அந்தப் பள்ளத்தின் கரையில் வரப்பு இருக்காது. அடிப்பகுதி கீறிய பளபளப்பு இல்லாமல் மற்றப் பரப்பின் தன்மையிலேயே இருக்கும். கரையில் வரப்பு, உள்ளே புது உலோகப் பளபளப்பு இரண்டும் இருந்தால் அது கீறல்.

5. விளிம்பை ஒட்டி ஒரு கட்டி மாதிரி இருக்கு, அங்க எழுத்தே காணோம். இது என்ன?

டையின் ஓரத்தில் ஒரு துண்டு உடைந்து விழுந்திருந்தால், அந்த இடத்தில் உலோகம் வடிவமில்லாமல் மேலெழும்பி விளிம்போடு சேர்ந்துகொள்ளும். சேகரிப்பாளர்கள் இதைக் கட் என்கிறார்கள். உறுதி செய்ய நாணயத்தைத் திருப்பி, நேர் பின்னால் உள்ள இடத்தைப் பாருங்கள். இந்தப் பக்கம் உலோகம் மேலே போய்விட்டதால் அந்தப் பக்கம் எழுத்து பெரும்பாலும் மங்கலாக இருக்கும். 2ஆம் பதிலில் சொன்ன இரண்டாவது விதி இதுதான்.

ஈயம், பற்று, பசை ஒட்டிக்கொண்டதும் கட்டியாகத் தெரியும். பூதக்கண்ணாடியில் பார்த்தால் அதன் அடியில் ஒட்டுக்கோடு தெரியும், நிறமும் மாறியிருக்கும். பின்பக்க எழுத்து துல்லியமாகவே இருக்கும்.

6. எழுத்தெல்லாம் ரெண்டு ரெண்டா தெரியுது. இது அந்த விலைபோகிற இரட்டை டைதானே?

அதிகம் பேர் ஏமாறும் இடம் இது. எழுத்து இரட்டையாகத் தெரிய மூன்று காரணங்கள் உண்டு. அவற்றில் ஒன்றுக்குத்தான் உண்மையான மதிப்பு.

முதலாவது, டை தயாரிக்கும்போதே உருவம் இரண்டு முறை சற்று விலகிப் பதிந்திருப்பது. 1955ஆம் ஆண்டு அமெரிக்க ஒரு சென்ட் இதற்குப் பேர்போனது. ஆண்டும் எழுத்துகளும் இரட்டையாக இருப்பது வெறுங்கண்ணுக்கே தெரியும். இந்த வகையில் இரண்டு பதிவுகளும் உருண்டு திரண்டு, ஏறக்குறைய ஒரே உயரத்தில் நிற்கும். எழுத்து வழக்கத்தைவிடப் பருத்திருக்கும். எழுத்தின் மூலையில் இரண்டு நுனிகள் பிரிந்து, நடுவில் சின்னப் பிளவு விட்டிருக்கும். தேட வேண்டியது அந்தப் பிளவைத்தான்.

இரண்டாவது, அடித்து முடித்த கணத்தில் டை லேசாக ஆடி எழுத்தின் ஓரத்தை இழுத்துவிடுவது. இது ஏராளமாகக் கிடைக்கும். இரண்டாவது உருவம் உண்மையில் உருவமே அல்ல. எழுத்தின் ஒரு பக்கத்தைச் சீவிய மாதிரி, தரையோடு தரையாக, தட்டையாகப் பளபளக்கும் ஒரு படிக்கட்டு இருக்கும். எழுத்திலிருந்தே அந்தப் படி வெட்டப்பட்டதால் மிச்ச எழுத்து வழக்கத்தைவிட மெலிந்திருக்கும். ஆகவே இரட்டைத்தன்மையைப் பார்ப்பதற்கு முன் தடிமனைப் பாருங்கள். எழுத்து பருத்திருந்தால் மேலே ஆராயலாம். மெலிந்திருந்தால் அங்கேயே நிறுத்திவிடலாம்.

மூன்றாவது, பல லட்சம் அடி அடித்துத் தேய்ந்த டை. எழுத்தின் வெளிப்பக்கம், விளிம்பை நோக்கி, புகை படிந்த மாதிரி ஒரு நிழல் இருக்கும். பரப்பிலும் மையத்திலிருந்து விளிம்பு நோக்கி ஓடும் வரிகள் தெரியும். மேலே சொன்ன அதே 1955ஆம் ஆண்டில், கடைசி 5 மட்டும் இப்படித் தடித்துத் தெரியும் சென்ட்டுகள் நிறைய உண்டு. அதைப் புகழ்பெற்ற இரட்டை டை என்று நம்பி வாங்குபவர்கள் இன்றும் இருக்கிறார்கள்.

7. ஒரு எழுத்து, சில நேரம் தேதியே இல்ல. அழிச்சதா, அச்சு விழாததா?

டையின் பள்ளத்தில் எண்ணெய்ப் பிசுக்கும் உலோகத் தூளும் சேர்ந்து அடைத்துக்கொண்டால் அந்த எழுத்து வராது. 2005ஆம் ஆண்டு அமெரிக்க 25 சென்ட் சிலவற்றில் ‘டிரஸ்ட்’ என்ற சொல்லின் முதல் எழுத்து இப்படித்தான் விடுபட்டு ‘ரஸ்ட்’ என்று, அதாவது துரு என்று, நின்றது. அடைப்பினால் வந்தது என்றால் எழுத்து படிப்படியாக மங்கிப் போகும். அந்த இடத்துப் பரப்பு சுற்றியிருக்கும் பரப்பின் மட்டத்திலேயே, அதே தன்மையில் இருக்கும், எடையும் குறையாது. அரத்தால் தேய்த்து அழித்தால் அங்கே இணையான நுண்கீறல்களும் சின்னக் குழிவும் இருக்கும். விளக்கைச் சாய்த்தால் அந்தக் குழிவில் வெளிச்சம் வேறு மாதிரி ஓடும்.

தேதி இல்லாததற்கு வேறொரு காரணமும் உண்டு: பொருந்தாத இரண்டு டைகளைச் சேர்த்துவிடுவது. பிரிட்டனின் 20 பென்ஸில் 2008ஆம் ஆண்டு புது வடிவமைப்பு வந்தபோது தேதி பூப்பக்கத்திலிருந்து தலைப்பக்கத்துக்கு மாறியது. பழைய தலைப்பக்க டையையும் புதிய பூப்பக்க டையையும் சேர்த்து அடித்த நாணயங்களில் எந்தப் பக்கத்திலும் தேதி இல்லை. தேய்ந்து அழிந்த தேதியோடு இதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம்; மற்ற எழுத்துகள் கூர்மையாக இருக்க, தேதிக்கான இடமே வடிவமைப்பில் இல்லாமல் இருக்க வேண்டும்.

8. ஓரத்துல கடிச்ச மாதிரி ஒரு துண்டு இல்ல. யாராவது வெட்டினதா?

வில்லை வெட்டும் கருவி, ஏற்கெனவே வெட்டிய துளையின் மேல் பாதி விழுந்துவிட்டால் பிறை வடிவத்தில் துண்டு குறைந்த வில்லை கிடைக்கும். தகட்டின் ஓரத்தில் விழுந்தால் நேர்க்கோட்டில் குறையும். இரண்டுமே உண்மையான எரர்கள்.

முதலில் குறைக்கு நேர் எதிர்ப்பக்க விளிம்பைப் பாருங்கள். விளிம்பை எழுப்பும் உருட்டு இயந்திரத்தில் வில்லை இரண்டு பக்கமும் அழுத்தப்பட வேண்டும். ஒரு பக்கம் உலோகமே இல்லாதபோது எதிர்ப்பக்கத்துக்கும் அழுத்தம் கிடைக்காது. அதனால் குறைக்கு எதிரே விளிம்பு மங்கிப் போயிருக்கும். பிறை வடிவக் குறைகளில் இது வலுவான சாட்சி. நேர்க்கோட்டுக் குறையிலும் மிகச் சிறிய குறையிலும் தெரியாமல் போகலாம். அடுத்து, குறைக்குப் பக்கத்து எழுத்துகள். அசலில் அடி விழும்போது உலோகம் அந்தக் காலி இடத்தை நோக்கி நழுவியிருக்கும்; எழுத்துகள் அந்தப் பக்கமாக இழுபட்டு மெலியும், விளிம்பும் வெட்டை நெருங்க நெருங்கச் சரிந்து மறையும். பிறகு யாரோ வெட்டியது என்றால் எழுத்தும் விளிம்பும் முழு உயரத்தில் வந்து சட்டென்று அறுபட்டு நிற்கும். வெட்டுப்பரப்பில் அரம் அல்லது கத்தரியின் தடமும் இருக்கும்.

9. டிசைன் ஒரு பக்கமா தள்ளிப் போயிருக்கு. எவ்வளவு தள்ளினா எரர்?

இரு முகத்தையும் பாருங்கள். வில்லை காலருக்குள் சரியாக உட்காராமல் அடிபட்டிருந்தால் இரு முகமும் ஒரே அளவு தள்ளியிருக்கும், பிறை வடிவத்தில் வெற்று உலோகம் தெரியும், நாணயத்தின் வட்டமும் குலைந்திருக்கும். இதைச் சேதத்தால் உண்டாக்க முடியாது. நாணயம் முழு வட்டமாக இருந்து, ஒரு முகத்தில் மட்டும் விளிம்பு ஒரு பக்கம் தடித்தும் எதிர்ப்பக்கம் மெலிந்தும் இருந்தால், அந்தப் பக்கத்து டை லேசாக இடம் விலகியிருந்தது என்று பொருள். அது மிகச் சாதாரணம்.

10. என் நாணயம் மத்ததைவிடப் பெரிசா இருக்கு. இன்னொண்ணு சின்னதா, விளிம்பு தூக்கிக்கிட்டு இருக்கு.

பெரிதாக இருப்பது காலர் இல்லாமல் அடிபட்டதாக இருக்கலாம். தடுக்க வளையம் இல்லாததால் உலோகம் வெளியே விரிந்துவிடும். எடை சரியாக இருக்கும், ஓரத்தில் கோடுகள் இருக்காது, விளிம்பு பரந்து தட்டையாகும். ஆனால் நடுவில் உள்ள உருவம் வழக்கமான அளவிலேயே இருக்கும். சுத்தியலால் தட்டி விரித்த நாணயத்தில் உருவமும் எழுத்தும் சேர்ந்தே விரிந்து, நசுங்கி, கூர்மை இழந்திருக்கும். சாதாரண நாணயத்தின் உருவத்தைக் காலிப்பரால் அளந்து ஒப்பிடுங்கள்; உருவமும் பெரிதாக இருந்தால் அது சுத்தியல் வேலை.

சின்னதாகி விளிம்பு தூக்கியிருப்பது பெரும்பாலும் துணி உலர்த்தும் இயந்திரத்தின் உருளைக்குள் சிக்கி, நெடுங்காலம் உருண்டுகொண்டே இருந்த நாணயம். ஓரம் மழமழப்பாகும், கோடுகள் அழியும், விளிம்பு உள்நோக்கி மடங்கி எழுத்துகளின் தலையை மூடும். எடை அதிகம் குறைவதில்லை. பார்க்க மிக நேர்த்தியாக இருப்பதால் நாணயச்சாலை வேலை என்றே தோன்றும். ஆனால் எந்தப் படியிலும் விளிம்பு உள்நோக்கி மடங்க வழியில்லை.

11. மெல்லிசா, எடை குறைவா ஒரு நாணயம். மெல்லிய தகட்டில் அடிச்சதா?

விட்டத்தை அளந்து பாருங்கள். மெல்லிய வில்லையும் அடிபடும்போது விரிந்து காலரைத் தொட முயலும். ஆகவே அசலில் விட்டம் கிட்டத்தட்ட முழுமையாக இருக்கும், ஓரத்துக் கோடுகளும் இருக்கும். பள்ளங்களை நிரப்ப உலோகம் போதாததால் உருவத்தின் உயர்ந்த பகுதிகளும் விளிம்பும் மங்கலாக இருக்கும், ஆனால் பரப்பில் அச்சுப் பளபளப்பு இருக்கும். அமிலம் எல்லாத் திசையிலும் தின்னும். விட்டமும் குறையும், எழுத்துகள் மெலியும், பரப்பு சொரசொரப்பாகி நுண்துளைகள் தெரியும்.

12. ரெண்டு பக்கத்துல ஒண்ணுல, காம்பஸ் வைச்சுப் போட்ட மாதிரி வட்டக் கோடு.

நாணயங்களை எண்ணிச் சுருட்டிக் கட்டும் இயந்திரத்தில் நாணயம் சிக்கினால் சுழலும் பாகம் இப்படி ஒரு வளையம் போடும். பள்ளமாக, பெரும்பாலும் கருத்து, உருவத்தின் மேடான பகுதிகள் மேலே ஆழமாகப் பதிந்திருக்கும். சேதம். இதற்கு மேல் ஆராய வேண்டியதில்லை.

13. பூப்பக்கத்துல தலைப்பக்க எழுத்து கண்ணாடியில பார்த்த மாதிரி திரும்பித் தெரியுது!

மூன்று சாத்தியங்கள் உள்ளன. நடுவில் வில்லையே இல்லாமல் டைகள் இரண்டும் மோதிக்கொண்டால் ஒன்றின் தடம் மற்றதில் பதியும். அதன்பின் அடித்த நாணயங்களில் எதிர்ப்பக்க உருவத்தின் வெளிக்கோடு மெல்லியதாக, மேடாக, திரும்பித் தெரியும். உருவத்துக்குள் இருக்காது, வெற்றுப் பரப்பில் மட்டும் இருக்கும். இது உண்மையான டை மோதல்.

திரும்பிய உருவம் பள்ளமாக, முகம் முழுவதும் இருந்தால் அது புராக்கேஜாக இருக்கலாம். அடித்த நாணயம் ஒன்று டையிலேயே ஒட்டிக்கொள்ள, அடுத்த வில்லை அதன் மேல் அடிபடும்போது இது உண்டாகும். ஒட்டிய நாணயம் எந்தப் பக்கத்தை வெளியே காட்டுகிறதோ அதுதான் பதியும். ஆகவே முழுமையான புராக்கேஜில் ஒரு முகத்தில் பூ மேடாக இருந்தால் மறு முகத்தில் அதே பூவின் பள்ளமான பிம்பம் இருக்கும்; அந்த முகத்துக்கு உரிய தலை இருக்கவே இருக்காது.

மூன்றாவதுதான் அதிகம் வருவது: இரண்டு நாணயங்களை ஒட்டி வைத்து வைஸில் இறுக்கியது அல்லது சுத்தியலால் அடித்தது. சில எழுத்துகள் மட்டும் பள்ளமாகத் திரும்பி விழுந்திருக்கும். நாணயத்தின் சொந்த உருவம் அதன் அடியில் நசுங்கிக் கிடக்கும். பின்பக்கத்தின் மேடான இடங்கள் தட்டையாகி மினுக்கும்.

14. நாணயத்தைத் திருப்பினா பின்பக்கம் தலைகீழா வருது. எரரா?

எந்த நாட்டு நாணயம் என்பதைப் பொறுத்தது. அமெரிக்க நாணயங்களை இடம் வலமாகத் திருப்பினால் பின்பக்கம் தலைகீழாகத்தான் வரும். அதுவே அவற்றின் முறை. பிரிட்டன், யூரோ, இந்திய நாணயங்களில் இரு பக்கமும் ஒரே திசையில் நிற்கும். அந்தந்த நாட்டு முறையிலிருந்து விலகினால்தான் எரர். 10, 15 பாகை விலகலை யாரும் பொருட்படுத்துவதில்லை. 90, 180 பாகைக்குத்தான் தேட்டம். சேதத்தால் இது உண்டாக வழியில்லை. ஆனால் அடுத்த பதிலில் வரும் ஒட்டுவேலையைச் சோதித்துவிடுங்கள்.

ஓரத்தில் எழுத்துள்ள நாணயங்களில் அந்த எழுத்து தலைகீழாக இருப்பது பெரும்பாலும் எரர் ஆகாது. 2 யூரோவில் ஓர எழுத்து வில்லையிலேயே பதிந்துவிடுகிறது. பிறகு வில்லை எந்தப் பக்கமாக டைக்குள் போகிறது என்பது தற்செயல். எழுத்தே இல்லாமல் இருப்பது வேறு விஷயம். 2007ஆம் ஆண்டு ஜார்ஜ் வாஷிங்டன் டாலர் அப்படி வெளிவந்து பேசப்பட்டது. ஓரத்தை அரத்தால் தேய்த்திருந்தால் விட்டமும் எடையும் குறைந்து காட்டிக்கொடுக்கும்.

15. ரெண்டு பக்கமும் தலை. இது கோடியில் ஒண்ணுதானே?

நூற்றுக்கு நூறு என்றே சொல்லிவிடலாம்: அது வித்தைக்காரர் நாணயம். ஒரு நாணயத்தை உள்ளே குடைந்து கிண்ணமாக்கி, இன்னொன்றைக் கடைந்து சிறிதாக்கி அதற்குள் பொருத்துவார்கள். ஒட்டுக்கோடு ஓரத்தில் இருக்காது, அங்கே தேடி ஏமாற வேண்டாம். ஒரு முகத்தில் விளிம்பின் உள்சுவர் நாணயத்தின் தட்டையான பரப்பைத் தொடும் இடத்தில் மயிரிழை போல ஓடும். மர மேசையில் லேசாகப் போட்டால் கணீரென்ற ஓசை வராது. எடையும் பெரும்பாலும் தவறும்.

16. நிறம் வேற மாதிரி இருக்கு. வேற உலோகத்துல அடிச்சதா?

நிறம் எதையும் நிரூபிக்காது. எடையும் காந்தமும்தான் பேசும். மண்ணில் புதைந்த நாணயம் செம்பு நிறமாகும், முலாம் பூசினால் எந்த நிறமும் ஆகும். 1943ஆம் ஆண்டு அமெரிக்க சென்ட் நல்ல உதாரணம். அந்த ஆண்டு துத்தநாகம் பூசிய எஃகில் அடித்தார்கள். தவறுதலாகச் செம்புக் கலவை வில்லையில் அடிபட்டவை மிகச் சில. செம்பு முலாம் பூசிய எஃகு நாணயங்களோ எங்கும் கிடைக்கும். காந்தத்தில் ஒட்டினால் எஃகு. ஒட்டாவிட்டால் எடை 3.11 கிராம் பக்கம் இருக்க வேண்டும், எஃகு 2.7 தான் இருக்கும். இரண்டும் சரியாக இருந்தாலும் 1948இன் 8ஐச் சீவி 3 ஆக்கியதா என்று பூதக்கண்ணாடியில் பாருங்கள்.

மேலும் கீழும் ஒரு உலோகம், நடுவில் செம்பு என்று அடுக்கிய நாணயங்களில் ஒரு பக்கத்து மேலடுக்கு விடுபட்டுப் போவதுண்டு. அமெரிக்க 25 சென்ட்டில் ஒவ்வொரு மேலடுக்கும் தடிமனில் ஆறில் ஒரு பங்கு. எனவே ஒன்று விடுபட்டால் எடை ஏறத்தாழ 4.7 கிராமாக இறங்க வேண்டும். செம்பு நிறம் இருந்து எடை 5.67 இருந்தால் வெறும் கறை.

உலோகம் அதிகாரபூர்வமாகவே மாறிய ஆண்டுகளையும் தெரிந்து வைத்திருங்கள். அமெரிக்க சென்ட் 1982இல் 3.11 கிராமிலும் 2.5 கிராமிலும் வந்தது. பிரிட்டனின் 1, 2 பென்ஸ் 1992 முதல் செம்பு பூசிய எஃகு. அதற்கு முந்தையவை காந்தத்தில் ஒட்டாது. இவை எவையும் எரர் அல்ல.

17. எடை சரியா இருந்தும் உலோகம் மேல சந்தேகம். வீட்டுலேயே உறுதி செய்ய வழி உண்டா?

அடர்த்தியை அளக்கலாம். நாணயத்தை முதலில் உலர்ந்த நிலையில் எடை போடுங்கள். பிறகு தராசில் பாதி தண்ணீர் நிரப்பிய டம்ளரை வைத்துப் பூஜ்யமாக்குங்கள். நாணயத்தை மெல்லிய நூலில் கட்டி, டம்ளரின் அடியையோ பக்கத்தையோ தொடாமல் முழுவதும் மூழ்கும்படி தொங்கவிடுங்கள். அப்போது தராசு காட்டும் கிராம்தான் நாணயத்தின் கன சென்டிமீட்டர் அளவு. முதல் எடையை இதனால் வகுத்தால் அடர்த்தி. செம்பு 8.96, இரும்பு 7.87, துத்தநாகம் 7.14, வெள்ளி 10.49.

2.5 கிராம் துத்தநாக நாணயம் என்றால் தண்ணீரில் 0.35 அளவில்தான் காட்டும். 0.01 துல்லியத் தராசில் ஒரு எண் தவறினாலே விடை 3 சதவீதம் மாறிவிடும். சின்ன நாணயங்களுக்கு 0.001 கிராம் தராசு தேவை. நாணயத்தில் காற்றுக்குமிழி ஒட்டியிருந்தாலும் விடை கெடும். முடிந்ததும் மெல்லிய துணியில் ஒற்றி எடுங்கள், தேய்க்காதீர்கள்.

18. மேல கொப்பளம் கொப்பளமா இருக்கு. தோல் உரிஞ்ச மாதிரியும் இருக்கு.

செம்பு பூசிய துத்தநாக நாணயங்களில் பூச்சு சரியாக ஒட்டாமல் உள்ளே வாயு சிக்கிக் கொப்பளிப்பது உண்டு. நாணயச்சாலையிலேயே வருவதுதான், ஆனால் மிகப் பரவலாக இருப்பதால் தேட்டம் இல்லை. தீயில் பட்டதால் வந்த கொப்பளத்தோடு நிறத்திட்டும் எழுத்துகள் உருகிய மழுங்கலும் சேர்ந்தே இருக்கும்.

ஒரே உலோகத்தாலான நாணயத்தில் தோல் உரிவது, தகட்டுக்குள் கலந்த அழுக்கினால் வரும் உண்மையான எரர். உரிந்த இடத்தின் அடியில் தகடு உருட்டப்பட்ட திசையில் வரிகள் தெரியும், ஓரங்கள் மெல்லிய ஏடாக நிற்கும். குத்திப் பெயர்த்தது என்றால் பெயர்ந்த உலோகம் பக்கத்தில் குவிந்திருக்கும்.

19. இரண்டு உலோக நாணயத்துல நடு வில்லை இல்ல. வெறும் வளையம் மட்டும்.

வளையத்தின் உள்ஓரத்தைப் பாருங்கள். நடு வில்லை இல்லாமலேயே அடிபட்டிருந்தால், தடுக்க எதுவும் இல்லாததால் வளையத்து உலோகம் துளைக்குள் பிதுங்கியிருக்கும். துளை வட்டம் குலைந்து, உள்ஓரத்து உருவம் இழுபட்டிருக்கும். துளை சரியான வட்டமாக, உள்சுவரில் நடு வில்லை கவ்வியிருந்த தடத்தோடு இருந்தால், அடித்த பிறகு தட்டியோ சூடாக்கியோ கழற்றியது. விற்பனைக்கு வருபவற்றில் பெரும்பாலானவை இந்த இரண்டாவது ரகம்.

20. சோப்பு போட்டுக் கழுவிட்டுப் பார்த்தா தெளிவா தெரியுமே?

செய்ய வேண்டாம். 4, 7, 11ஆம் பதில்களில் நம்பியிருப்பது பரப்பின் பளபளப்பையும் நுண்தன்மையையும்தான். பற்பசை, புளி, எலுமிச்சை, உலோகப் பாலீஷ் எதுவானாலும் அந்தச் சாட்சியை அழித்துவிடும். மண் மட்டும் ஒட்டியிருந்தால் காய்ச்சி வடித்த தண்ணீரில் ஊறவிட்டு, தேய்க்காமல் உலர்த்தலாம். வைப்பதற்குப் பிவிசி உறை வேண்டாம். நாளாவட்டத்தில் பச்சைப் பிசுக்கு விடும்.

21. போட்டோ அனுப்பிக் கேட்டா எல்லாரும் ஒவ்வொண்ணு சொல்றாங்க. எப்படிக் கேட்கறது?

இரு முகமும் நேராக, முழு நாணயமும் தெரியும்படி ஒவ்வொரு படம். ஓரம் ஒரு படம். சந்தேக இடம் நெருக்கத்தில் ஒன்று, விளக்கை எதிர்த்திசைக்கு மாற்றி இன்னொன்று. மேடா பள்ளமா என்ற குழப்பம் இந்தக் கடைசி இரண்டு படங்களில் தீர்ந்துவிடும். கூடவே எடை, விட்டம், காந்தத்தில் ஒட்டுகிறதா என்பதையும் எழுதுங்கள். நெருக்கப் படம் மட்டும் அனுப்பினால் யாராலும் சரியாகச் சொல்ல முடியாது. 2ஆம் பதிலின் இரண்டாவது விதிப்படி மறுபக்கமும் சாட்சி.

பிசிஜிஎஸ், என்ஜிசி போன்ற தரச்சான்று நிறுவனங்கள் எரர்களையும் பரிசோதித்துச் சான்று தருகின்றன. கட்டணமும் தபால் செலவும் சேர்ந்து நாணயத்தின் மதிப்பைத் தாண்டிவிடலாம் என்பதால் முதலில் இந்தப் பக்கத்துச் சோதனைகளை முடித்துவிட்டு அனுப்புங்கள். இணையத்தில் விற்பவர் கேட்கும் விலையை மதிப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். விற்று முடிந்த விலைகளை மட்டும் பாருங்கள்.

22. ஒரே நாணயத்துல எரரும் இருக்கு, சேதமும் இருக்கு. அப்போ?

அடிக்கடி நடப்பதுதான். எது முதலில் நடந்தது என்று பிரித்துப் பாருங்கள். டை விரிசலின் மேடு ஒரு பள்ளத்தால் அறுபட்டிருந்தால் பள்ளம் பிறகு வந்த சேதம். பள்ளத்தின் மேல் எழுத்து ஏறியிருந்தால், அந்தப் பள்ளம் வில்லையிலேயே இருந்து, அடி விழுந்தபோது முழுவதும் நிரம்பாமல் போனது. எரர் எரராகவே இருக்கும். சேதம் அதன் மதிப்பைக் குறைக்கும், அவ்வளவுதான்.

போலி வேலையைப் பிரிக்கவும் இதே முறை உதவும். 1937ஆம் ஆண்டு டென்வரில் அடித்த அமெரிக்க 5 சென்ட்டில் எருமைக்கு மூன்று கால் மட்டும் உள்ள வகை உண்டு; டையை அளவுக்கு மீறி மெருகேற்றியதால் ஒரு கால் டையிலிருந்தே அழிந்துபோனது. சாதாரண நாணயத்தில் காலைச் சுரண்டி இதைப் போலிசெய்கிறார்கள். கால் இல்லாததை மட்டும் பார்த்தால் இரண்டும் ஒன்றுதான். அசலில் எருமையின் வயிற்றுக்குக் கீழிருந்து தரை நோக்கி மேடான சின்னப் புள்ளிகள் வரிசையாக இறங்கும். அவை டையில் இருந்த குழிகள். சுரண்டி மேட்டை உண்டாக்க முடியாது. போலியில் அந்தப் புள்ளிகள் இருக்காது, கால் இருந்த இடத்தில் கருவியின் கீறல்தான் இருக்கும்.